தளத்துக்கு வருகிறவர்களை எண்ணுவது பற்றி ஊர்ச் சங்க நிர்வாகசபைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகசபை உறுப்பினர்களுக்கும், கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ், நோர்வே கிளைகளில் இருக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

நான் கொக்குவிலில் இருந்துகொண்டு வலிகாமத்து ஊர்ச் சங்கங்கள், கோயில்கள், பழைய மாணவர் சங்கங்கள் சிலவற்றின் இணையத்தளங்களைப் பார்த்துக்கொள்கிறவள். மரண அறிவித்தல் போடுவது, திருவிழாப் படங்களை ஏற்றுவது, டொமைன் புதுப்பிக்கக் காசு கேட்டு மெசேஜ் போடுவது எல்லாம் என் வேலை. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு, “இந்த வருடம் தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள்” என்ற கணக்கை எடுத்துக் கொடுப்பதும் நான்தான். அந்தக் கணக்கைப் பற்றியதுதான் இந்த மடல். ஒரு சங்கத்தில் நடந்ததை வைத்து எழுதுகிறேன். ஆனால் இதே கணக்கை இதே மாதிரி வாசிக்கிற சங்கங்கள் நிறைய இருக்கின்றன, ஆகவே எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

கூட்டம் சனசமூக நிலைய மண்டபத்தில் நடந்தது. சுவரில் புரொஜெக்டர், அதில் சூம் வழியாக வெளிநாட்டுக் கிளைகள். செயலாளர் அறிக்கையில் தனி வருகையாளர், அதாவது நாங்கள் எல்லோரும் யுனிக் விசிட்டர்ஸ் என்று சொல்கிற எண்ணிக்கை, போன வருடத்து எண்ணுக்குப் பக்கத்தில் போடப்பட்டிருந்தது. போன வருடத்தின் கால்வாசிகூட இல்லை. மண்டபம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. பிறகு கனடாவில் இருந்து ஓர் ஐயா, “பிள்ளை, ஆக்கள் பாக்கிறேல்லை எண்டால் உதுக்கு ஏன் காசு குடுப்பான்?” என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை. குளிருக்குள் வேலைக்குப் போய் அவர் அனுப்புகிற காசு அது. ஐந்து நிமிடத்துக்குள் தீர்மானம் எடுத்தாயிற்று. பழைய பாடசாலை மலர்களையும் கும்பாபிஷேக மலர்களையும் ஸ்கேன் செய்து தளத்தில் ஏற்றும் வேலைக்கு இனிப் பணம் இல்லை.

நான் அந்த இடத்திலேயே எழும்பிச் சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேருக்கு முன்னால் இரண்டு வசனத்தில் விளக்க எனக்கு வரவில்லை. அதனால்தான் இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

அந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடியவை அல்ல. கொத்தால் அளந்த நெல்லையும் கிலோவில் நிறுத்த நெல்லையும் பக்கத்தில் வைத்து, “விளைச்சல் குறைந்துவிட்டது” என்று சொன்ன மாதிரி அது. போன வருடத்து எண், ஹோஸ்டிங்கோடு, அதாவது தளத்துக்கு நாங்கள் வாடகைக்கு எடுக்கிற இடத்தோடு, சும்மா கிடைக்கிற ஏடபிள்யூஸ்டாட்ஸ் என்ற கருவியில் இருந்து எடுத்தது. இந்த வருடத்து எண் கூகுள் அனலிட்டிக்ஸில் இருந்து எடுத்தது. நடுவில் கருவியை மாற்றியது நான்.

ஏடபிள்யூஸ்டாட்ஸ் சேவரின், அதாவது தளத்தை வைத்திருக்கிற கணினியின், பதிவேட்டை வாசிக்கும். எந்த ஐபி முகவரியில் (இணைய இணைப்புக்குக் கிடைக்கிற இலக்கம் அது) இருந்து, எத்தனை மணிக்கு, எந்தக் கோப்பைக் கேட்டார்கள் என்று சேவர் வரிவரியாக எழுதி வைத்திருக்கும். ஐபி முகவரி வேறாக இருந்தால் ஆளும் வேறு என்பது அந்தக் கருவியின் கணக்கு. நம் ஊரில் இது எவ்வளவு தூரம் பிழைக்கும் என்று பாருங்கள். கரண்ட் போய் வந்ததும் வீட்டு ரவுட்டர் திரும்ப இயங்கும்போது புது ஐபி கிடைத்துவிடலாம், அப்போது ஒரே ஆள் இரண்டு பேர். வீட்டு வைஃபையில் இருந்து இறங்கிப் பஸ்ஸில் மொபைல் டேட்டாவில் பார்த்தால் இன்னும் ஒருவர். மறுபக்கம், பாடசாலைக் கணினி அறையில் இருக்கிற அத்தனை பிள்ளைகளும் ஒரே ஐபிக்குப் பின்னால் இருப்பதால் எல்லோரும் சேர்ந்து ஒருவர். மொபைல் கம்பனிகளும் ஒரு முகவரியைப் பல போன்களுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பது வழக்கம். அப்புறம் ரோபோக்கள். தேடுபொறிகளும், இப்போது செயற்கை நுண்ணறிவுக் கம்பனிகளும் அனுப்புகிற ரோபோக்கள் இரவு பகலாகத் தளங்களைப் படித்துக்கொண்டு திரிகின்றன. ஏடபிள்யூஸ்டாட்ஸ் தனக்குத் தெரிந்த ரோபோக்களைக் கழித்துவிடும், தெரியாதவற்றை ஆட்களாகவே எண்ணும். கூகுள் அனலிட்டிக்ஸ் பக்கத்துக்குள் ஓடுகிற சிறிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் துண்டை நம்பியிருப்பது. அந்தத் துண்டை ஓட்டாத ரோபோ அதன் கணக்கில் விழவே விழாது. கருவியை மாற்றிய அன்றே எண் சரியும் என்பது இந்த வேலை செய்கிற எவருக்கும் தெரியும். சபைக்கு அதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்காதது என் தவறு.

இன்னொன்றும் நடந்திருந்தது. ஏடபிள்யூஸ்டாட்ஸ் மாதம் மாதமாகக் கணக்குப் பார்க்கும். வருடத்துக்கு என்று கேட்டால் பன்னிரண்டு மாதத்தையும் கூட்டி, முன்னால் “இதற்குச் சமம் அல்லது இதைவிடக் குறைவு” என்ற குறியைப் போட்டு, சரியான எண் வருடப் பார்வையில் கிடைக்காது என்று பக்கத்திலேயே எழுதிக் காட்டும். அறிக்கைக்குப் பிரதி எடுத்தபோது அந்தச் சின்னக் குறி விடுபட்டுப் போயிற்று.

கூட்டினால் ஏன் பிழை என்று நல்லூரை வைத்துச் சொல்கிறேன். கொடியேற்றத்தில் இருந்து தீர்த்தம் வரை 25 நாள். எங்கள் ஒழுங்கையில் ஓர் அம்மா 25 நாளும் தவறாமல் போவார். ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று, “இன்றைக்கு எத்தனை வேறு வேறு ஆட்கள் வந்தார்கள்” என்று எண்ணினால், தினமும் அவர் ஒருவர். அது சரியான எண். ஆனால் 25 நாள் எண்ணையும் கூட்டி, “இந்தத் திருவிழாவுக்கு இத்தனை பேர் வந்தார்கள்” என்றால் அந்த ஒரு அம்மா 25 பேராகிவிடுகிறார். பக்கப் பார்வைகளைக் கூட்டலாம், பிழையில்லை. தனி ஆட்களைக் கூட்டவே கூடாது. வருடத்துக்கான எண் வேண்டுமென்றால் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை என்று ஒரே திகதி வரம்பாகக் கருவியிடம் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் வருகிற எண் கூட்டுத்தொகையைவிடச் சிறியதாகத்தான் இருக்கும். விசுவாசமாகத் திரும்பத் திரும்ப வருகிறவர்கள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கு வித்தியாசமும் அதிகம்.

சரி, அப்படியானால் கூகுள் அனலிட்டிக்ஸ் தருகிற எண்ணாவது மனிதர்களின் எண்ணா? அதுவும் இல்லை. அது குக்கியை எண்ணுகிறது. ஒருவர் முதல் தடவை வரும்போது அவருடைய பிரவுசருக்குள் ஓர் இலக்கத்தை வைத்துவிடும். அடுத்த தடவை அதே இலக்கம் இருந்தால் பழைய ஆள், இல்லையென்றால் புது ஆள். கோயில் வாசலில் கிடக்கிற செருப்பை எண்ணி உள்ளே இருக்கிற ஆட்களைச் சொல்வது போல. காலையில் ஒரு செருப்பும் பின்னேரம் வேறொரு செருப்பும் போட்டு வந்தவர் இரண்டு பேர். வெறுங்காலுடன் வந்த அப்பு கணக்கிலேயே இல்லை.

கூட்டம் முடிந்த அடுத்த நாள் பின்னேரம் வீட்டில் இதைச் செய்து பார்த்தேன். லாப்டொப்பில் அனலிட்டிக்ஸின் உடனடி றிப்போர்ட்டைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு மரண அறிவித்தலைப் பேஸ்புக் செயலிக்குள் இருந்தே தொட்டுத் திறந்தேன். ஒன்று. அதே போனில் குரோமில் திறந்தேன். பேஸ்புக்குக்குள் திறக்கிற ஜன்னலும் குரோமும் குக்கியைப் பகிர்ந்துகொள்வதில்லை, ஆகவே இரண்டு. லாப்டொப்பில் திறந்தேன், மூன்று. ரகசிய ஜன்னலில் திறந்தேன், நான்கு. அடுப்படி மேசையில் தேத்தண்ணியோடு இருந்த நான் ஒருத்தி நான்கு தனி வருகையாளர்.

அந்த நேரம் அம்மம்மா வந்து, “இஞ்ச கொண்டா, ஆர் மோசம் போனது?” என்று போனை வாங்கினார். படத்தைப் பெருப்பித்துப் பார்த்தார். முகம் அடையாளம் தெரிந்ததும், தோட்டத்துக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டு மாமியை வேலிக்குள்ளால் கூப்பிட்டார். மாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவரும் பார்த்தார். இரண்டு பேருமாக அந்தக் குடும்பத்தின் கதையை அரை மணித்தியாலம் கதைத்தார்கள். றிப்போர்ட்டில் எண் அசையவில்லை. அந்தப் போனில் அந்தக் குக்கி ஏற்கெனவே இருந்தது. நான் ஒருத்தி நான்கானேன், அவர்கள் இரண்டு பேரும் ஒன்றுமில்லாமல் போனார்கள்.

வாசிகசாலை மேசையில் கிடக்கிற ஒரு பேப்பரை எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. போனும் நம் வீடுகளில் இன்னும் அப்படித்தான்.

புலம்பெயர்ந்த உறவுகள் பக்கம் வேறு விதமாகப் பிழைக்கிறது. அனலிட்டிக்ஸின் குக்கி சாதாரணமாக 2 வருடம் இருக்கும்படி செய்யப்பட்டது. ஆனால் அப்பிளின் சஃபாரி பிரவுசர் 2019 முதல் இந்த வகைக் குக்கியை 7 நாளில் அழித்துவிடுகிறது. ரொறன்ரோவில் ஐபோன் வைத்திருக்கும் ஒருவர் பத்து நாளைக்கு ஒருமுறை ஊர்த் தளத்தைப் பார்ப்பவராக இருந்தால், ஒவ்வொரு முறையும் அவர் புது ஆள். மாதத்துக்கு மூன்று பேர். “புதியவர்கள் கூடுகிறார்கள்” என்று சபை சந்தோசப்படும், உண்மையில் அவர் பல வருடமாக வருகிறவர். ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு விதிகளுக்காக நாங்கள் குக்கி அனுமதிப் பெட்டி ஒன்றைப் போட்டோம். அதில் வேண்டாம் என்று அழுத்துகிற பாரிஸ் அண்ணாவும் ஜெர்மனி அக்காவும் தளத்தை முழுதாக வாசிப்பார்கள், எங்கள் கணக்கில் வரமாட்டார்கள். அந்தப் பெட்டியும் இந்த வருடம் போட்டதுதான். விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களும் இப்படியே மறைந்து போவார்கள்.

2023 ஜூலை 1 அன்று கூகுள் தன் பழைய அனலிட்டிக்ஸை நிறுத்தி எல்லோரையும் நான்காம் பதிப்புக்கு மாற்றியதும் ஞாபகத்தில் இருக்கட்டும். பழையதில் ‘பயனர்’ என்று முன்னால் நின்றது மொத்தப் பயனர். புதியதில் அந்த இடத்தில் நிற்பது செயற்பாட்டிலுள்ள பயனர். பெயர் ஒன்று, வரைவிலக்கணம் வேறு. அதற்கு முந்திய வருடங்களின் அறிக்கைகளை எடுத்து இப்போதுள்ள எண்ணோடு ஒப்பிடுவதானால் இதையும் எழுதிவிட்டு ஒப்பிட வேண்டும்.

ஒரு விசயம் எனக்கு மிகவும் பிடித்தது, இடையில் சொல்லிவிடுகிறேன். குக்கிகளைக்கூடக் கூகுள் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை, மதிப்பிடுகிறது. வேறு வேறு ஆட்களைச் சரியாக எண்ண வேண்டுமென்றால் இதுவரை வந்த எல்லோரையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டும், கோடிக்கணக்கில் வரும்போது அது பெரும் சுமை. பிலிப் ஃபிளஜோலே என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளரும் அவருடைய சகாக்களும் 2007இல் ஹைப்பர்லாக்லாக் என்ற வழியை வெளியிட்டார்கள். ஒருவர், “காசு சுண்டினேன், ஒருமுறை தொடர்ந்து பத்துத் தடவை தலை விழுந்தது” என்று சொன்னால், அவர் ஆயிரம் தடவைக்குக் கிட்டச் சுண்டியிருப்பார் என்று நாம் ஊகிக்கலாம் அல்லவா? அதே யோசனைதான். ஒவ்வொரு குக்கி இலக்கத்தையும் பூச்சியமும் ஒன்றுமான ஒரு சரமாக மாற்றி, தொடக்கத்தில் எத்தனை பூச்சியம் தொடர்ந்து வந்தது என்பதில் ஆகப் பெரியதை மட்டும் ஞாபகம் வைக்கிறார்கள். ஒரே ஆள் நூறு தடவை வந்தாலும் அதே சரம்தான் வரும், எண் கூடாது. இப்படிப் பல தொட்டிகளில் பிரித்துப் பார்த்துச் சராசரி எடுத்தால் வியக்கத்தக்க அளவு கிட்டிய எண் கிடைக்கும். அனலிட்டிக்ஸ் 4 இதன் திருத்திய வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறது. நம்முடைய தளங்களின் அளவுக்கு இதனால் வருகிற பிழை பெரிதல்ல. ஆனால் ஒற்றை இலக்கம் வரை அச்சிட்டுக் காட்டுகிற எண்ணுக்குப் பின்னால் ஒரு மதிப்பீடு இருக்கிறது என்பதைச் சபை அறிந்திருப்பது நல்லது.

கூட்டத்தில் இன்னொரு யோசனையும் வந்தது. உண்மையான ஆட்கணக்கு வேண்டுமென்றால் தளத்துக்குள் வருகிறவர்கள் பெயரும் போன் நம்பரும் கொடுத்துப் பதிந்துவிட்டு வரட்டும் என்று. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இதை நான் கும்பிட்டுக் கேட்கிறேன். பெயரைப் பதிந்துவிட்டு வரிசையில் நில் என்று சொல்லக் கேட்டு வளர்ந்த சனம் நாங்கள். சென்றிப் பொயின்ரில் அடையாள அட்டையை நீட்டியபடி நின்ற என் அம்மா இன்றைக்கும் எந்தப் படிவத்திலும் முழுப்பெயரை யோசித்துத்தான் எழுதுவார். மரண அறிவித்தல் பார்க்க வருகிற மனுசியிடம் பெயர் கேட்டால் அவர் திரும்பிப் போய்விடுவார். சட்டமும் இருக்கிறது. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காகச் சேர்க்கிறோம், எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்றெல்லாம் பொறுப்புச் சொல்லும் கடமையைத் தரவு சேர்ப்பவர் தலையில் வைக்கிறது. ஒரு சனசமூக நிலையம் ஏன் அந்தச் சுமையை வலிந்து தூக்க வேண்டும்?

குக்கியே இல்லாமல் எண்ணுகிற கருவிகளும் உண்டு. பிளோசிபிள் அப்படியானது. ஐபி முகவரியையும் பிரவுசர் விவரத்தையும் சேர்த்து ஒரு குறியாக மாற்றி, அந்தக் குறி செய்கிற சாவியை ஒவ்வொரு நாளும் மாற்றிவிடும். அதனால் யாரையும் அடுத்த நாளுக்குப் பின்தொடர முடியாது, ஒரே ஆள் இரண்டு நாள் வந்தால் இரண்டாகவே எண்ணப்படுவார். மட்டோமோ என்றொன்று, 2018 வரை பிவிக் என்ற பெயரில் இருந்தது, அதை நம் சொந்தச் சேவரிலேயே வைத்துக்கொள்ளலாம். எதை வைப்பது என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஒன்றைத் தெரிந்தெடுத்து, வருடக் கணக்கில் அதை மாற்றாமல் வைத்திருப்போம் என்பதுதான் என் வேண்டுகோள். எண்ணின் அளவைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் நமக்கு உதவும், அதற்கு அளவுகோல் மாறாமல் இருக்க வேண்டும். மாற்றியே ஆகவேண்டுமென்றால் இரண்டையும் சில மாதம் சேர்த்து ஓட்டி வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு மாற்றலாம். அறிக்கையில் எண்ணுக்குக் கீழே கருவியின் பெயரும் திகதி வரம்பும் நேர வலயமும் ஒரு வரியில் இருக்கட்டும். நேர வலயத்தை நான் சும்மா சொல்லவில்லை. ஒரு கோயில் தளத்தில் அது லொஸ் ஏஞ்சலிஸ் நேரத்தில் கிடந்ததால், காலை 10 மணிக்கு நடந்த கொடியேற்றத்துக்கு வந்த கூட்டம் முழுவதும் அதற்கு முந்தின நாள் கணக்கில் விழுந்திருந்தது. அனலிட்டிக்ஸ் 4 வைத்திருக்கிற எல்லோரும் இன்றே தரவு வைத்திருக்கும் காலத்தைப் பாருங்கள். அது தானாக 2 மாதத்தில் நிற்கும், இலவசக் கணக்கிலேயே 14 மாதமாக்கலாம். ஆக்காவிட்டால் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு ஆழமாக ஒன்றைத் தோண்டிப் பார்க்க முடியாது.

இனி அந்த மலர்களுக்கு வருகிறேன். தீர்மானம் எடுத்த அன்று திரையில் காட்டப்பட்ட அட்டவணையில் 1968ஆம் ஆண்டு பாடசாலை மலரின் வலைப்பந்து அணிப் படம் இருக்கிற பக்கத்துக்கு நேரே நோர்வேயில் இருந்து 1 என்று இருந்தது. சபையில் சிலர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த ஒன்று யாரென்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவரே எனக்கு மின்னஞ்சல் எழுதினார். 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் அவர்களுடைய வீட்டில் இருந்த படங்கள் எல்லாம் போய்விட்டன. அம்மா நோர்வேயில் காலமானபோது அந்தியேட்டிக் கல்வெட்டில், அதாவது அந்தக் கிரியைக்கு அச்சிடுகிற நினைவுப் புத்தகத்தில், போட அவருடைய இளவயதுப் படம் ஒன்றுகூடக் கையில் இல்லை. அம்மா வலைப்பந்து விளையாடியவர் என்பது மட்டும் ஞாபகத்தில் இருந்து, தேடித் தேடி அந்தப் பக்கத்துக்கு வந்திருக்கிறார். பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவது. “இரட்டைப் பின்னலோட நிக்கிறது எங்கட அம்மா” என்று எழுதியிருந்தார். பெரிய அளவில் ஸ்கேன் செய்து அனுப்பினேன். அந்தப் படம் கல்வெட்டின் இரண்டாம் பக்கத்தில் அச்சாகி ஒஸ்லோவில் இருந்து கொக்குவில் வரை சொந்தக்காரர் கைகளுக்குப் போயிற்று. அனலிட்டிக்ஸில் அது இன்றைக்கும் 1.

1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அதோடு போயின. அந்த இழப்பைச் சொல்லிக்கொண்டு வளர்ந்த நாங்கள், கையில் இருக்கிற ஒரேயொரு மலரின் ஒரேயொரு பிரதியைக் கறையான் தின்ன விடுவதா வேண்டாமா என்பதை வருகையாளர் எண்ணை வைத்துத் தீர்மானிக்க முடியாது. தளத்தில் ஏற்றுவதோடு நூலகம் நிறுவனத்துக்கும் ஒரு மின்பிரதி கொடுத்துவைக்கலாம். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவருகிற இடம் அது.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். அந்தத் தீர்மானத்தை அடுத்த நிர்வாகசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் மறுபடி சேருங்கள். இந்த வருடத்து எண்ணை இந்த வருடத்துக்கான தொடக்கப் புள்ளியாக மட்டும் எழுதுங்கள், போன வருடத்தோடு ஒப்பிட்ட வரியை அறிக்கையில் இருந்து எடுத்துவிடுங்கள். இரண்டு கருவிகளின் றிப்போர்ட்டையும் அச்செடுத்துக்கொண்டு நான் வருகிறேன். கனடா ஐயா வசதியான நேரத்தைச் சொன்னால் அவருக்கு மட்டும் தனியாகவும் சூமில் காட்டுகிறேன், அவருடைய கேள்விக்குச் சரியான பதில் கிடைக்க வேண்டும். ஸ்கேன் செய்கிற தம்பிக்கு வேறு வேலை கிடைப்பதற்கு முன் இதைச் செய்ய முடிந்தால் நல்லது. 1974ஆம் ஆண்டு மலரில் 38ஆம் பக்கத்தோடு அவர் நிறுத்தி வைத்திருக்கிறார், மிச்சப் பக்கங்கள் சனசமூக நிலைய அலுமாரியில் மஞ்சள் உறைக்குள் இருக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் தளங்களைப் பார்த்துக்கொள்கிறவள்
கொக்குவில், யாழ்ப்பாணம்